எட்வின் ஹெப்பிளின் வெள்ளோட்டம்

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று எட்வின் ஹெப்பிளுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. கார் ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குத் தேர்வு வைக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்ட வராதவர்களிடம் உங்களுக்கு ஓட்ட வரவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிச் சொல்லியே வேலைக்காலத்தைக் கழித்தவர். நார்தம்பர்லாந்தின் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாதிப் பேரை ஒரு முறையாவது ஃபெயில் ஆக்கியிருக்கிறார். மீதிப் பாதி அவருக்குப் பயந்து பஸ்ஸிலேயே காலத்தை ஓட்டியவர்கள்.

அப்பேர்ப்பட்டவர்தான் போன ஞாயிற்றுக்கிழமை காட்டோரத்தில் காரை நிறுத்திவிட்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்து, சீஸ் வைத்த ரொட்டியைத் தின்று, ரேடியோவில் கால்பந்து கேட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டார். கிளம்பும் முன் இறங்கிப் போய், பக்கத்துப் பள்ளத்துச் சேற்றில் இரண்டு பூட்ஸையும் மாற்றி மாற்றி முக்கி எடுத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் முக்கினார். வீட்டுக்கு வந்ததும் மனைவி தெல்மா, "வழி எப்படி இருக்கு?" என்று கேட்டார். "ஜம்முனு இருக்கு," என்றார் எட்வின்.

விஷயம் இதுதான். ஊரில் வியாழக்கிழமை நடைக்குழு என்று ஒன்று இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாராவாரம் காடு மேடெல்லாம் நடந்துவிட்டு, கடைசியில் ஒரு பப்பில் போய்ச் சூப் குடித்துவிட்டு வருவார்கள். நடத்திக்கொண்டு போகிறவர் முன்னால் போவார். கடைசியில் ஒருவர் வருவார், அவருக்கு வால் என்று பெயர். யாரையும் தவற விடாமல் பார்த்துக்கொள்வது வாலின் வேலை. நடத்துகிறவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதே வழியை முந்தைய வார இறுதியில் தனியாக ஒரு தடவை நடந்து பார்த்துவிட வேண்டும். அதைத்தான் வெள்ளோட்டம் என்பார்கள். மரம் விழுந்திருக்கலாம், வேலி அடைத்திருக்கலாம், மேய்ச்சல் நிலத்தில் காளையை விட்டிருக்கலாம். மலையை நம்பி யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதில்லை.

எட்வினின் வலது முட்டி குளிர்காலத்திலிருந்தே மக்கர் செய்துகொண்டிருந்தது. ஒரு வாரத்தில் ஒரு மலை ஏறத் தாங்கும், இரண்டு மலைக்குத் தாங்காது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாரமே குழுவில் இருக்கும் ரால்ஃப் நடத்த ஆரம்பித்துவிடுவார். வேலையை விட்ட பிறகு எட்வினுக்கு மிச்சமிருந்தது அந்த வியாழக்கிழமை ஒன்றுதான். வரைபடப் பை கழுத்தில் தொங்க, பின்னால் பத்துப் பேர் வர, முன்னால் நடக்கும் அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வியாழன் காலை காட்டு முகப்பில் எல்லோரும் கூடினார்கள். மே மாதம் என்று பெயர்தான், காற்று காதை அறுத்தது. மாவிஸ் டாட் அம்மாள் வழக்கம்போல ஓட்ஸ் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்து, வேண்டாம் என்றவர்களின் பையிலும் திணித்துக்கொண்டிருந்தார். மாவிஸுக்கு உலகத்தில் எல்லோரும் கண்ணுதான், கறிக்கடைக்காரரும் கண்ணு, பாதிரியாரும் கண்ணு. ரால்ஃப் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே யாரையோ கிண்டலடித்துக்கொண்டிருந்தார். கிளிஃபர்ட் எய்ன்ஸ்லி எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தார். மெலிந்த மனிதர், மருந்துக்கடை வைத்திருந்தவர். அதிகம் பேசமாட்டார். கொஞ்ச காலமாகவே நிரந்தர வால் அவர்தான்.

கிளம்பும் முன் ஒரு சடங்கு பாக்கி இருந்தது. நடத்துகிறவர் எல்லோர் முன்னாலும் நின்று, இந்த வழியை நான் நடந்து பார்த்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்ததே எட்வின்தான்.

அவர் சொன்னார். குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. பாலம் நன்றாக இருக்கிறது, மேட்டில் தரை காய்ந்துதான் இருக்கிறது என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். சொல்லும்போது கிளிஃபர்ட் ஒரு விநாடி தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டார்.

காட்டுக்குள் கொஞ்ச தூரம் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஊசியிலை மரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து நின்றன, பாதை மெத்தென்று இருந்தது. எட்வினுக்குத் தைரியம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நடந்த வழிதானே, மலை எங்கே போய்விடப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். ஒரு திருப்பம் திரும்பினார். அங்கே காட்டையே காணோம்.

ஒரு சரிவு முழுக்க மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அடிக்கட்டைகளும் கழித்துப் போட்ட கிளைகளும்தான் கண்ணுக்கு எட்டிய வரை. பெரிய எந்திரங்கள் போய் வந்த தடத்தில் இடுப்பளவு பள்ளம் விழுந்து தண்ணீர் நின்றது. அவர்கள் நடக்க வேண்டிய பாதை அதற்கு அடியில் எங்கோ இருந்தது.

"ஞாயித்துக்கிழமை இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார் ரால்ஃப்.

"இவ்வளவு இல்ல. அதுக்கப்புறம்தான் வெட்டியிருப்பானுங்க."

வெட்டிய கட்டைகளின் முகம் பழுத்துக் கறுத்திருந்தது. அது நேற்று வெட்டியதா போன மாதம் வெட்டியதா என்று குழந்தைக்கும் தெரியும். ரால்ஃப் கட்டையைப் பார்த்தார், எட்வினைப் பார்த்தார், தோளைக் குலுக்கிக்கொண்டார். எட்வின் ஹெப்பிள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ரால்ஃபே மூன்று தடவை அவரிடம் ஃபெயில் ஆனவர்.

எப்படியோ கிளைகளைத் தாண்டித் தாண்டிச் சரிவைக் கடந்தார்கள். மாவிஸ் ஒவ்வொரு கட்டையிலும் உட்கார்ந்து எழுந்தார். எட்வினின் முட்டிக்குள் யாரோ ஆணி அடிப்பது போலிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் மனதெல்லாம் பாலத்தில் இருந்தது. பாலம் இருந்தால் போதும், மற்றதைச் சமாளித்துவிடலாம்.

பாலம் இல்லை.

ஓடையின் இந்தக் கரையில் ஒரு சிமெண்ட் திண்டு, அந்தக் கரையில் ஒரு திண்டு, நடுவில் தண்ணீர் காட்டுத்தனமாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கீழே, பாலத்தின் பலகைகள் கரையில் ஒதுங்கிக் கிடந்தன. அவற்றின் இடுக்கு வழியாகப் புல் முளைத்து முழங்கால் உயரம் நின்றது. எட்வின் அந்தப் புல்லைப் பார்த்தார். பின்னால் வருகிறவர்களும் இன்னும் கொஞ்ச நேரத்தில் பார்த்துவிடுவார்கள். இப்போதே சொல்லிவிடலாம், நான் வரவில்லை, முட்டி வலி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்.

எல்லோரும் வந்து கரையில் கூடினார்கள். எல்லோர் பார்வையும் எட்வின் பக்கம் திரும்பியது. அது இன்னும் மோசமாக இருந்தது.

கடைசியாகத்தான் கிளிஃபர்ட் வந்தார். ஓடையைப் பார்த்தார். எட்வினின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து போய், அந்தப் பலகைகளுக்கு முன்னால், புல்லை மறைத்தாற்போல் நின்றுகொண்டார்.

"திங்கக்கிழமை ராத்திரி மேல செம மழை," என்றார். "அதுலதான் அடிச்சிட்டுப் போயிருக்கணும்."

"ஆமா," என்றார் எட்வின். "திங்கக்கிழமை மழை."

எல்லோரும் ஆளுக்கொரு வார்த்தையாகத் திங்கட்கிழமை மழையைப் பேச ஆரம்பித்தார்கள். மாவிஸ் வீட்டுக் கூரை ஒழுகியதாம். ரால்ஃபின் கோழிக்கூடு சாய்ந்ததாம். எட்வின் தப்பித்துவிட்டார். ஆனால் தப்பித்த சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. தன்னைக் காப்பாற்றியது யார் என்பது மண்டையில் இறங்கியதும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

சில வருடங்களுக்கு முன், இதே கிளிஃபர்ட்தான் ஒரு வியாழக்கிழமை நடத்திக்கொண்டு போனார். பாதை ஒரு பண்ணைக் கதவில் போய் முட்டி நின்றது. கதவில் பூட்டு, உள்ளே காளை. வந்த வழியே முழுத் தூரமும் மழையில் திரும்பி நடந்தார்கள். அன்று பப்பில் ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தபோது, எட்வின் தன் பழைய அதிகாரிக் குரலில், "வெள்ளோட்டம் போனியா கிளிஃபர்ட்? எழுந்து நின்னு சொல்லு," என்றார். கிளிஃபர்ட் எழுந்து நின்றார். போகவில்லை என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆட்களின் உயிரோடு விளையாடக் கூடாது, பொறுப்பு வேண்டும் என்று எட்வின் ஒரு பிரசங்கமே வைத்தார். மற்றவர்கள் சூப் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம்தான் எட்வின் அந்தப் புது விதியைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு கிளிஃபர்ட் நடத்துவதற்குப் பெயர் கொடுத்ததே இல்லை. பின்னால் போய் வாலாக நின்றுகொண்டார்.

பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு ஓடையைக் கடந்தார்கள். தண்ணீர் கத்தி மாதிரி இருந்தது. மாவிஸ் நடுவில் நின்று, தன் கால் இன்னும் இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எட்வினும் சிரித்தார், சிரித்த வாயை உடனே மூடிக்கொண்டார்.

அங்கிருந்து ஏற்றம். மரங்கள் முடிந்து மேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஹெதர் புதரும் கோரையும் தவிர அங்கே ஒன்றுமில்லை. ஆடுகள் குட்டிகளோடு தள்ளித் தள்ளி நின்றன. எங்கோ ஒரு கர்லூ பறவை குரலை இழுத்து இழுத்துக் கூவியது. வானம் கீழே இறங்கிக்கொண்டே வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனிமூட்டமாகச் சூழ்ந்துகொண்டது. முன்னால் இருபதடி தெரியும், அதற்கு மேல் வெறும் வெள்ளை.

பாதை இரண்டாகப் பிரிந்தது. அங்கே ஒரு மரக்கம்பம் இருந்ததாக எட்வினுக்கு ஞாபகம். கம்பத்தைக் காணோம். அவர் வரைபடத்தை எடுத்துப் பிரித்து, யோசிப்பது போல நின்றார். எதுவும் தெரியாத மனிதர் வரைபடத்தைப் பார்க்கும்போது கண் ஒரே இடத்தில் நிற்கும். அப்படி நின்றது.

பின்னாலிருந்து கிளிஃபர்டின் குரல் கேட்டது. "எட்வின், அந்த இடிஞ்ச சுவர் வர்ற வரைக்கும் இடது பக்கம்னு காலைல சொன்னியே. இதான அது?"

காலையில் எட்வின் எந்தச் சுவரைப் பற்றியும் சொல்லவில்லை. அவருக்கு அங்கே ஒரு சுவர் இருப்பதே தெரியாது. "ஆமா, இதான்," என்று இடது பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் இடிந்த சுவர் ஒன்று பனியிலிருந்து வெளியே வந்தது. ரால்ஃப், "கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துருவாருய்யா நம்ம ஆளு," என்றார்.

அந்தப் பாராட்டு எட்வினுக்குச் செருப்படி போல விழுந்தது. கிளிஃபர்டுக்கு வழி தெரிகிறது. தனக்குத் தெரியவில்லை என்பதும் கிளிஃபர்டுக்குத் தெரிகிறது. தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல், பின்னாலிருந்து பிச்சை போடுவதுபோல் வார்த்தை போட்டுக்கொண்டு வருகிறார். வெட்கம் அதிகமானால் சில பேர் பணிந்து போவார்கள். எட்வினுக்கு வீம்புதான் வந்தது.

சுவர் முடிகிற இடத்தில் கிளிஃபர்ட் மறுபடியும், "இங்கேருந்து ஆட்டுத்தடத்துல மேலயே போறோம்னுதான சொன்ன, எட்வின்?" என்று குரல் கொடுத்தார்.

"இல்ல. நேரா கீழ இறங்கினா சீக்கிரம் போயிரலாம்," என்றார் எட்வின், திரும்பிப் பார்க்காமலே.

இறங்கினார்கள். பச்சைப் பசேல் என்று, பார்க்க அத்தனை அழகாக, தரை கண்ணுக்கு முன்னால் விரிந்தது. ஹெதர் இல்லாமல் தரை அப்படிப் பச்சையாக இருந்தால் அடியில் புதைசேறு, கால் வைக்கக் கூடாது என்று அந்த மலையடிவாரத்தில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுப்பார்கள். வீம்பில் அதைக் கவனிக்காமலே எட்வின் ஓரமாகப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் மாவிஸ் நேராகக் கால் வைத்தார்.

சத்தமே இல்லை. மாவிஸ் இடுப்பு வரை உள்ளே போயிருந்தார். முகத்தில் பயம்கூட வரவில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "ஐயோ கண்ணு," என்றார், யாரிடம் என்று இல்லாமல். பிறகுதான் பயந்தார். அசைய அசைய இன்னும் கீழே போனார்.

எட்வின் திரும்பி ஓடி வந்தார். முட்டி மடங்கி, பாதி வழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கிளிஃபர்ட்தான் கடைசியிலிருந்து எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து, சேற்றின் மேல் வயிற்றைக் கிடத்திக் குப்புறப் படுத்து, மாவிஸின் கைக்குள் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டார். அவர் காலை ரால்ஃப் பிடித்தார், ரால்ஃபை மற்றவர்கள் பிடித்தார்கள். நீந்துற மாதிரி காலை அடி, நிக்கப் பாக்காதே என்று கிளிஃபர்ட் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இழுத்தார். வெகு நேரம் கழித்து, சேறே ஏப்பம் விட்டாற்போல ஒரு சத்தத்தோடு மாவிஸ் வெளியே வந்தார். ஒரு பூட்ஸ் உள்ளேயே போய்விட்டது. கணுக்கால் பிசகியிருந்தது. உதடு நீலம் பாரித்து நடுங்கினார்.

கிளிஃபர்ட் தன் மேல்கோட்டைக் கழற்றி மாவிஸுக்குப் போர்த்தினார். தலையிலிருந்து கால் வரை கறுப்புச் சேறாக நின்றார். பிறகு யாரிடமும் கேட்காமல் ஆட்டுத்தடத்தில் ஏறி முன்னால் நடந்தார். எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். எட்வின் கடைசியில் நொண்டிக்கொண்டே வந்தார்.

இறங்கும் வழியில் இரண்டு பேர் மாவிஸைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். எட்வினுக்கு முன்னால் ரால்ஃபும் இன்னொருவரும் பேசிக்கொண்டு போனது காற்றில் காதுக்கு வந்தது. வால்னு ஒருத்தர் எதுக்கு இருக்காரு, யாரும் தடத்தை விட்டு விலகாம பாத்துக்கத்தான, கிளிஃபர்ட் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம் என்று ரால்ஃப் சொல்லிக்கொண்டிருந்தார். எட்வின் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். அதற்கு ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அவர் வாழ்நாளில் தன்னைத் தானே அவ்வளவு கேவலமாக நினைத்த நேரம் வேறில்லை. நினைத்துக்கொண்டேதான் வாயை மூடிக்கொண்டு நடந்தார்.

பப்பில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாவிஸைக் கம்பளியில் சுற்றி அதன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பப்காரி தன் அண்ணனின் சாக்ஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். கிளிஃபர்ட் சேற்றுடம்போடு உள்ளே வரச் சங்கடப்பட்டு, பின்கட்டில் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எட்வின் அங்கே போனார்.

"உனக்கு எப்படித் தெரியும், அந்தச் சுவர்?" என்று கேட்டார்.

கிளிஃபர்ட் சாக்ஸைப் பிழிந்தார். "சனிக்கிழமை வந்திருந்தேன்."

"நீயா? எதுக்கு? நடத்துறது நான்தான?"

"எல்லா வாரமும் வருவேன், எட்வின். யார் நடத்தினாலும் வந்து ஒரு தடவை நடந்து பாத்துருவேன்." அவர் இன்னொரு சாக்ஸை எடுத்தார். "அன்னைக்கு அப்புறம் அப்படிப் பழகிருச்சு. யாராவது எழுந்து நின்னு சொல்லுன்னு கேட்டா, நடந்து பாத்தேன்னு சொல்லணும்ல."

மழையிலும் பனியிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த மெலிந்த மனிதர் தனியாக மலை ஏறி இறங்கியிருக்கிறார். யாரும் நடத்தச் சொல்லாத வழியை, யாரும் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்வதற்காக.

"பாலம் இல்லன்னு தெரிஞ்சும் காலைல ஏன்ப்பா சொல்லல?"

"நீ நல்லா இருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட. அதுக்கு மேல நான் வாயத் தொறந்தா உன்னைய நிக்க வெச்ச மாதிரி ஆயிரும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." கிளிஃபர்ட் குழாயை மூடினார். "தப்புதான். மாவிஸுக்கு ஏதாவது ஆயிருந்தா என்னையும் சேத்துத்தான் கேக்கணும்."

எட்வின் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. நின்றால் மறுபடி தைரியம் போய்விடும் என்று பயந்தார். நேராக உள்ளே போய், எல்லோரும் உட்கார்ந்திருந்த நீள மேசைக்கு முன்னால், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"நான் ஞாயித்துக்கிழமை வெள்ளோட்டம் போகல," என்றார். "கார்லயே உக்காந்திருந்தேன். காலைல உங்ககிட்ட சொன்னது பொய். பாலம் போய் ரொம்ப நாளாச்சு. மாவிஸ் விழுந்ததுக்கு நான்தான் காரணம், கிளிஃபர்ட் இல்ல. அவன் மேல போகச் சொன்னான், நான் கேக்கல."

எட்வின் காத்திருந்தார். திட்டட்டும், கிழித்துப் போடட்டும், அதற்குத்தான் வந்திருக்கிறோம் என்று நின்றார். அப்படி யாராவது திட்டினால் நெஞ்சில் ஏறியிருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று எதிர்பார்த்தார்.

"ஏன் கண்ணு போகல?" என்று கேட்டார் மாவிஸ், கம்பளிக்குள்ளிருந்து.

"முட்டி வலி."

"அட, அதைச் சொல்லக் கூடாதா? குளிர்காலத்துலேருந்தே நீ நொண்டுறது எங்களுக்குத் தெரியாதா என்ன? தெல்மாகூடச் சொன்னாளே. உக்காரு, உக்காரு. சும்மா நின்னா இன்னும் வலிக்கும்."

ரால்ஃப் சிரித்தார். எங்களையெல்லாம் ஃபெயிலாக்கின மனுஷன் கடைசியில தானே ஃபெயிலாயிட்டாரு, இதுக்கு ஒரு பீர் வாங்கித் தராம விட்டா பாவம் என்று எழுந்து போனார். இன்னொருவர் தன் முட்டிக்குப் போட்டுக்கொண்ட பெல்ட் பற்றி ஆரம்பித்தார். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். யாரோ முதுகில் தட்டினார்கள். முடிந்துவிட்டது. சூப் ஒரு கரண்டி ஆறுவதற்குள் எட்வின் ஹெப்பிளை எல்லோரும் மன்னித்துவிட்டார்கள்.

எட்வின் உட்காரவில்லை. பின்கட்டுக் கதவருகே கிளிஃபர்ட் வந்து நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"என்னைய இவ்வளவு சுலபமா விட்டுட்டீங்க," என்றார் எட்வின். "இதே தப்புக்கு அன்னைக்குக் கிளிஃபர்டை நான் நிக்க வெச்சுக் கேட்டேனே. அன்னைக்கு ஒருத்தர்கூட அவனை உக்காருன்னு சொல்லலையே. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலையே."

மாவிஸ் புருவத்தைச் சுருக்கினார். "என்னைக்கு?"

"அந்தக் காளை. பூட்டின கதவு. மழையில திரும்பி வந்தோமே."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்தார்கள். ரால்ஃப் பீர் குவளையோடு திரும்பி வந்து, "காளையா? ஏதோ மங்கலா ஞாபகம் இருக்கு. அது செத்துப்போன நார்மன் நடத்தினதுல்ல?" என்றார். நார்மன்தான் என்று இன்னொருவர் தலையாட்டினார். நார்மனுக்கு வழியே தெரியாது, நல்ல மனுஷன் என்று மாவிஸ் பெருமூச்சு விட்டார்.

எட்வின் கிளிஃபர்டைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். அந்த மனிதரின் முகம், ஏறி முடித்துவிட்டோம் என்று நினைத்த மலைக்கு மேல் இன்னொரு மலை இருப்பதைப் பார்த்தவர் முகம்போல் இருந்தது. யாரும் கேட்கப் போவதில்லை. யாருக்கும் ஞாபகமே இல்லை. அத்தனை சனிக்கிழமையும் அவர் யாருக்காக ஏறி இறங்கினாரோ, அந்த ஆட்கள் அந்த நாளை அன்றைய சூப்போடு சேர்த்து விழுங்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதை மறக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர், நிற்க வைத்தவரும் நின்றவரும்.

கிளிஃபர்ட் மேசைக்கு அருகில் வந்தார். வெறுங்காலோடு, அண்டாவில் முக்கி எடுத்தவர் மாதிரி நனைந்து நின்றார்.

"நார்மன் இல்ல," என்றார். "நான்தான்."

"அப்படியா கண்ணு?" என்றார் மாவிஸ். "சரி விடு, போனது போச்சு. பாரு எப்படி நடுங்குற. அடுப்புப் பக்கமா வந்து உக்காரு."

கிளிஃபர்ட் கொஞ்ச நேரம் அடுப்பருகே கிடந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உட்கார்ந்தார். மாவிஸ் சூப்பை அவர் பக்கம் நகர்த்தி, ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். அவர் கரண்டியை எடுத்தார், அள்ளியதில் பாதி மேசையில் சிந்தியது. யாரோ துடைத்தார்கள். ரால்ஃப் வாங்கி வந்த பீர் எட்வினுக்கு முன்னால் நுரை அடங்கிக்கொண்டிருந்தது. எட்வின் அதைத் தொடவில்லை. கிளிஃபர்ட் சாப்பிட்டு முடிக்கிற வரை, மற்றவர்கள் எத்தனை முறை கையைப் பிடித்து இழுத்தும், அவர் நின்றுகொண்டே இருந்தார்.